முகூர்த்தத்துக்குள் கால் நிற்க வேண்டும்

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சாயங்காலம் என் கால்கள் என் மானத்தை வாங்கின. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து இரண்டு குடும்பமும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். வாத்தியார் லக்னப் பத்திரிகை வாசிக்கத் தொடங்கியதும் என் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர ஆரம்பித்தது. வலி என்று சொல்ல முடியாது, அரிப்பும் இல்லை. எலும்புக்கும் சதைக்கும் நடுவே சோடாத் தண்ணீர் பொங்குகிற மாதிரி ஓர் அவஸ்தை. காலை அசைத்தால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி வரும். முதலில் கட்டைவிரலை மட்டும் அசைத்துப் பார்த்தேன். வாத்தியார் கோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் முழங்கால் வரைக்கும் ஆடியது.

மாப்பிள்ளையின் பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சம்பந்தி மாமாவுக்கு எங்கேயோ அவசரமாப் போகணும் போலருக்கே?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கால் மட்டும் அதன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்த இடத்தில் காலாட்டுவது நம்மவர்களுக்குச் சின்னக் குற்றமில்லை. வீட்டில் ஆட்டினால் லட்சுமி தங்கமாட்டாள், பெரியவர்கள் முன்னால் ஆட்டினால் திமிர், சம்பந்தி வீட்டார் முன்னால் ஆட்டினால் இரண்டும். அவர்கள் கார் தெருமுனை தாண்டியதும் என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு சிரிச்சுட்டுப் போயிட்டா. முகூர்த்தத்தன்னிக்கு நம்ம பொண்ணு உங்க மடியில உக்காரணும். அது ஞாபகம் இருக்கோ?"

ஞாபகம் இருந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணின் தகப்பன் மணமேடையில் நெல் மூட்டையின் மேல் உட்காருவார், பெண் அவர் மடியில் உட்காருவாள், மாப்பிள்ளை எதிரே நின்று தாலி கட்டுவார். அவளை அதுவரை தாங்கிய மடியிலிருந்து கொடுப்பதாக அர்த்தம். அவள் பிறந்த அன்றைக்கே அந்த நெல் மூட்டையை நான் மனசுக்குள் பார்த்தாகிவிட்டது. ஒரே பெண், ஒரே முகூர்த்தம். அந்த நேரத்தில் என் தொடை தறி போல ஆடினால் நான் என்ன தகப்பன்? தை மாதம் கல்யாணம். அதற்குள் என் கால் நிற்க வேண்டும். எப்பாடு பட்டாவது நிறுத்திவிடுவேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நான் வேதியியல் வாத்தியார். எனக்குத் தெரியாத மாத்திரையா?

டாக்டர் ராதாபுரத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், நிதானமானவர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நடந்தா சரியாகுதா, சார்?"

"ஆகுது."

"உக்காந்தா, படுத்தா வருது. சாயங்காலத்துக்கு மேல கூடுது. அப்படித்தானே? வீட்ல வேற யாருக்கும் இருக்கா? இது குடும்பத்துல ஓடும்."

இல்லை என்றேன். என் குடும்பத்தில் அப்படிப்பட்ட ஒழுங்கீனம் என்னோடு சரி என்று அடித்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தும்மலுக்காக நான் தினமும் ராத்திரி போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை முதலில் நிறுத்தச் சொன்னார். அந்த வகை மாத்திரைகளே சிலருக்குக் காலைக் கிளப்பி விடுமாம்.

பரிசோதனையில் உடம்பின் இரும்புச் சேமிப்பு தரை தட்டியிருந்தது; கால் இப்படி ஆட அதுவே காரணமாக இருக்கலாமாம். இந்த வயதில் ஆணுக்கு இரும்பு குறைந்தால் வயிற்றுக்குள் எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார்கள். கசிவு இல்லை. அதற்குப் பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். உட்கார்ந்தது அவர். நான் நின்றுகொண்டேன்.

மூன்று வழி சொன்னார். ஒன்று, மூளையின் டோபமின் வேலையைச் செய்கிற மாத்திரை, பிரமிபெக்சோல் மாதிரி. போட்ட சில நாளிலேயே கால் அடங்கிவிடும். "ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு சார். ரொம்ப நாள் போட்டா நிறைய பேருக்கு நோயே கூடிப் போகும். சாயங்காலம் வந்தது மத்தியானம் வரும், அப்புறம் காலையிலயே வரும். கையிலயும் வரும். சிலர் இத போட்டுட்டு நெனச்சதெல்லாம் வாங்கிக் குவிப்பாங்க, சூதாடுவாங்க." இரண்டாவது, காபபெண்டின் வகை. இப்போதெல்லாம் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கொடுக்கிறார்களாம். ஆனால் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வரலாம், எடையும் கூடலாம். மூன்றாவது இரும்பு. பைய வேலை செய்யும், ஆனால் குறையை வேரிலேயே தீர்க்கும்.

நான் அங்கேயே நின்றபடி முடிவு செய்தேன். காலையில் அமிலக் குப்பிகளோடு வேலை செய்கிறவன், தூக்கக் கலக்கத்துக்கு இடமில்லை. முதல் மாத்திரையோ சாயங்காலத்துச் சனியனைக் காலைக்கு அழைத்து வரலாம். எங்கள் முகூர்த்தம் காலையில். குறைந்தது இரும்பு என்றால் கொடுக்க வேண்டியதும் இரும்புதான், இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? டாக்டரும் அதைத்தான் சொல்ல இருந்தார். ஆனால் நான் முந்திக்கொண்டு சொன்னதில் எனக்கு ஒரு திருப்தி.

என் மனைவிக்குத் திருப்தியில்லை. "சட்டுனு நிக்கற மாத்திரை ஒண்ணு இருக்காமே. கல்யாணம் வரைக்கும் மட்டும் போட்டுண்டா என்னன்னா?"

மகள் பெங்களூரிலிருந்து வீடியோவில் பேசினாள். அவள் என்றைக்கும் ஓரிடத்தில் நின்று பேசமாட்டாள். சமையலறை, வராந்தா, மறுபடி சமையலறை என்று பின்னணி ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்கிற எனக்குத் தலை சுற்றும். "ஆடினா ஆடட்டும்பா. உங்க கால்தானே?" என்றாள்.

"ஆடாது," என்றேன்.

இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். ஒரு வேளை தவறவில்லை. இதற்கிடையில் அம்பாசமுத்திரத்துக்குச் சமையல்காரரிடம் பேச பஸ்ஸில் போய்வந்தேன். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் கால் பிய்த்துக்கொண்டது. காலை பத்து மணிக்கு! ஜன்னலோர இருக்கையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டேன். அவர் என்னைத் தர்மவான் என்று நினைத்திருப்பார். எனக்குள் முதல்முறையாகப் பயம் வந்தது. காலையிலும் வரும் என்றால் நெல் மூட்டையில் எங்கே போய் நிற்பது?

மறு பரிசோதனையில் இரும்பு கொஞ்சம்கூட ஏறவில்லை. டாக்டர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாத்திரைய எதோட முழுங்குதீங்க சார்?"

"காபியோடதான். வேற எதோட?"

என் வாயிலிருந்து வார்த்தை வந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வருஷா வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நானே செய்துகாட்டுகிற வேடிக்கை அது: தேயிலை வடிநீரில் இரும்பு உப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கண்ணெதிரே கறுத்து மையாகிவிடும். அந்தக் காலத்து எழுதும் மையே அப்படித்தான் காய்ச்சினார்கள் என்று பாடம் வேறு நடத்துவேன். காபியும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான், இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்புக்குள் விடாது. ஆனால் எங்கள் வீட்டில் காலையில் வாயில் படுகிற முதல் பொருள் காபி. மாத்திரை என்றால் அதோடு உள்ளே போவதுதான் முறை. தண்ணீரில் மாத்திரை முழுங்குகிற ஆள் எங்கள் தெருவிலேயே கிடையாது. ஆகவே இரண்டு மாதமாக, தவறாமல், வயிற்றுக்குள் மை காய்ச்சியிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரும் அடக்கமாட்டாமல் சிரித்தார். பிறகு நாள் கணக்கு பார்த்து, இனி மாத்திரையை நம்பினால் தாமதமாகும், இரும்பை நரம்பு வழியாகவே ஏற்றிவிடலாம் என்றார். அதிலும் ஒவ்வாமை வர வாய்ப்புண்டு என்பதால் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான் ஏற்றுவார்கள். அதன் பலன் தெரியவும் சில வாரம் ஆகும், எல்லோருக்கும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார்.

ஏற்றிக்கொண்டேன். பழுப்புநிறத் திரவம் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி படுத்திருந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கடைசி முறையாகக் கேட்டாள். "இது பலிக்கலைன்னா? அந்த மாத்திரையையும் வாங்கி வெச்சுக்கலாமே. ஒரு தைரியத்துக்கு."

"வாங்கி வெச்சா போட்டுப்பேன். அதனால வேண்டாம்," என்றேன்.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்திருந்தேன். மடித்து வைத்த பிறகுதான் உறைத்தது, இவ்வளவு நேரமும் உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். மனைவியைக் கூப்பிட்டு என் காலைக் காட்டினேன். என்ன என்று குனிந்து பார்த்தாள். "ஒண்ணுமில்லையே?" என்றாள். "அதைத்தான் காட்டறேன்," என்றேன்.

கல்யாணத்தன்று நெல் மூட்டையில் உட்கார்ந்தபோது எனக்கு ராஜா மாதிரி இருந்தது. அம்பாசமுத்திரத்து நெல், புதுச் சாக்கு, மேலே பட்டு விரிப்பு. விடியற்காலையிலிருந்து ஓமப் புகையில் உட்கார்ந்தும் இரண்டு காலும் கல்லாகக் கிடந்தன. மாப்பிள்ளையின் பெரியம்மா நேர் எதிரே முதல் வரிசையில். வேண்டுமென்றே அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். வாத்தியார் சொல்ல, மகள் வந்து என் மடியில் உட்கார்ந்தாள். கனத்தாள். மஞ்சளும் மல்லிகையும் புதுப் புடவைக் கஞ்சியும் கலந்து மணத்தது. கண் கலங்கிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நாதஸ்வரம் இன்னும் கெட்டிமேளத்துக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் மூட்டைக்குள் நெல் சரசரவென்றது.

என் கால்தான் என்று நினைத்து உள்ளே பதறிப்போனேன். இல்லை. என் பாதங்கள் தரையில் பதிந்திருந்தன. ஆடியது அவள் கால். புடவைக்குள் அவள் முழங்கால் என் தொடையின் மேல் துடித்துக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்க்கிறாள், மறுபடி துடிக்கிறது. பயத்தில் நடுங்குகிற உடம்பு எனக்குத் தெரியும், இது அது இல்லை. சமையலறைக்கும் வராந்தாவுக்கும் நடந்தபடியே அவள் பேசியது எதனால் என்று ஒரே நொடியில் எனக்கு விளங்கியது.

அவள் மெதுவாகத் தலையைச் சாய்த்து, "அப்பா, நிக்க மாட்டேங்கறது," என்றாள். குரல் உடைந்திருந்தது.

பெரியம்மாவின் பார்வை அவள் புடவைக் கொசுவத்துக்கு இறங்கியது. முகம் சுருங்கியது. பக்கத்திலிருந்த அம்மாளின் காதுப் பக்கம் சாய்ந்தார்.

நான் முந்திக்கொண்டேன். "என் கால்தான் மாமி!" என்று மேளத்துக்கு மேலே கேட்கிற மாதிரி சொன்னேன். "உங்களுக்குத் தெரியாததா? இன்னிக்கும் அடங்க மாட்டேங்கறது." சொல்லிக்கொண்டே என் இரண்டு முழங்காலையும் நன்றாக ஆட்டினேன். மூட்டையே குலுங்கியது. பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். முதல் வரிசை முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையும் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

பின்னால் நின்றிருந்த என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்த மாத்திரையைப் போட்டுண்டிருக்கலாம்," என்றாள்.

நான் திரும்பவில்லை. கெட்டிமேளம் முழங்கியது. ஆடாத என் கால்களைத் தாலி ஏறி முடியும்வரை விடாமல் ஆட்டினேன். மகள் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.