நங்கையின் பச்சைக் கட்டங்கள்

ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே லேப்டாப்பைத் திறக்கும் நங்கைதான் முதலில் நினைவுக்கு வருகிறார். எங்கள் நாமக்கல் பக்கம் அண்ணன் மனைவியை அப்படித்தான் அழைப்போம். எங்கள் வீட்டுக் கோழிப் பண்ணையில் முட்டை அடுக்கும் அறை. அட்டைகளை ஒருபக்கம் தள்ளிவிட்டு, தீவன மூட்டைமேல் லேப்டாப்பை வைப்பார். கல்லூரிப் பேருந்து வருவதற்குள் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நானும் பக்கத்தில் போய் உட்காருவேன். ஓர் இணையதளம் நாள்தோறும் ஒரு கோடிங் புதிர் தரும். சரியாக எழுதிவிட்டால் அன்றைய கட்டம் பச்சையாகும். ஒரு நாள் தவறினாலும் அதுவரை கோத்து வந்த சங்கிலி அறுந்துவிடும். இருந்தது ஒரே லேப்டாப். அந்தத் தளத்தில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தோம்.

நங்கை பெங்களூரில் வேலை பார்த்தவர். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டு வந்தார். வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒரு வேலைக்கு மறுபடி போய்விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் இந்தத் தினப் பயிற்சி. எனக்கோ அது கல்லூரி கடைசி வருடம், கேம்பஸ் இன்டர்வியூ பயம். ஒரு வரிசையில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் கேட்ட விடை வரும் என்று ஒரு புதிர் வந்தது. நான் ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கடந்து வந்த நம்பரையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கிட்டா மறுக்கா மறுக்கா திரும்பிப் போக வேண்டியதில்லீங்க தம்பி" என்றார். அவர் சொன்னபடி எழுதினேன், கண் சிமிட்டும் நேரத்தில் பச்சை விழுந்தது. மறுநாள் நான் அவரை முந்தினேன். நாள் முழுக்கச் சொல்லிக் காட்டினேன்.

அம்மா வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டது அப்போதுதான். சமையல், அம்மாவைத் தூக்கிக் குளிக்க வைப்பது, குழந்தை, முட்டை பொறுக்குவது எல்லாம் நங்கை தலையில் விழுந்தன. ஒரு காலை அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். "தம்பி, இன்னைக்கு மட்டும் என்னோடதையும் நீங்களே போட்டு உட்ருங்க. இத்தன நாள் புடிச்சு வந்த சங்கிலி அந்து போயிரும்."

போட்டுவிட்டேன். என் கணக்கில் ஒரு வழியில், அவர் கணக்கில் வேறு வழியில். மறுநாளும் போட்டேன். பிறகு அவர் கேட்கக்கூட இல்லை, நானே போட ஆரம்பித்துவிட்டேன். பெரிய உதவி செய்கிறோம் என்ற மிதப்பு வேறு. அவர் குனிந்து முட்டை பொறுக்குவார், நான் மூட்டைமேல் உட்கார்ந்து அவருடைய புதிருக்கு விடை எழுதுவேன். நங்கையின் பக்கம் ஒரு கட்டம் விடாமல் பச்சையாக இருந்தது. அண்ணன் அதை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார்.

அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று வீடியோவில் நேர்காணலுக்கு அழைத்தது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். வெகுநேரம் உள்ளே கீபோர்டு சத்தமே கேட்கவில்லை. வெளியே வந்தவர் குழந்தையை வாங்கிக்கொண்டு, "அவங்க கேட்டது நாம முன்னயே போட்ட புதிர்தானுங்க தம்பி" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நாமன்னா, நீங்க" என்று சிரித்தார். அப்புறம் சோறு வைக்கப் போய்விட்டார்.

அந்த வருடமே எனக்கு வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் கேட்டதற்கெல்லாம் என் விரல்கள் தாமாகவே எழுதின. எழுதாமல் என்ன செய்யும்? இரண்டு பேருடைய பயிற்சி அவற்றில் இருந்தது.

இப்போது பெங்களூரில் உட்கார்ந்து யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நான் பாத்திரம் கழுவியிருக்கலாம். முட்டை பொறுக்கியிருக்கலாம். அந்த அரை மணி நேரம் அவருக்குக் கிடைத்திருக்கும். யாரும் என்னைத் தடுக்கவில்லை, எனக்குத்தான் தோன்றவில்லை. நங்கையின் வேலையில் பங்கு கேட்டிருக்க வேண்டியவன், அவருடைய படிப்பில் பங்கு எடுத்துக்கொண்டேன். ஒருமுறை போனில் இதைச் சொன்னேன். "நாந்தானுங்க போடச் சொன்னேன், உங்க மேல என்ன தப்பு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு முடிவோடுதான் போனேன். பொங்கலுக்கு மறுநாள் விடிந்ததும் கரி பிடித்த பொங்கல் பானையை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். கட்டிலில் இருந்த அம்மா, "நீ எதுக்கு சாமி, அவ பாத்துக்குவா" என்றார். நங்கை ஓடி வந்து பானையின் விளிம்பைப் பிடித்தார். "உடுங்க தம்பி, லீவுக்கு வந்தவிய சித்த உக்காருங்க."

விட்டிருக்கக் கூடாது. விட்டுவிட்டேன்.