அக்காவுக்கு நான் அவித்த பட்டிப்பூ இலை

குருக்கள்மடம் என்னும் எங்கள் ஊரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து கண்மூடிய எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாளில் இதை எழுதுகிறேன். வாவியில் மீன்பிடித்த அப்பா எங்களை இடையில் விட்டுப் போனபோது, அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தார். ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளைத் தைத்தே என்னைப் படிப்பித்தார்; பிறகு தன் மகளையும் தனியே வளர்த்தார். அவர் வாயில் கடுஞ்சொல் வந்ததில்லை. கேலி மட்டும் ஓயாது.

கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"மகள்ர கலியாணச் சட்டைய நான்தான் தைக்கணும் டொக்டர். அதுவரைக்கும் இருப்பனா?"

ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்துகளில் ஒன்று, நித்தியகல்யாணி என்றும் சொல்லும் பட்டிப்பூச் செடியிலிருந்து வருவது என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வேலியோரம் பூத்துக் கிடக்கும் செடிதானே என்று எனக்கு மூளை அதிகமாக வேலை செய்தது. இலையைப் பறித்து அவித்து, பிளாஸ்கில் ஊற்றி வார்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா மூடியைத் திறக்காமலே தாதியை அழைத்தார்.

"மிஸ்ஸி, தம்பி பட்டிப்பூ இலை அவிச்சுக் கொண்டந்திருக்கான். குடிக்கலாமா?"

"குடிச்சிராதீங்க அக்கா," என்ற தாதி என்னிடம் திரும்பினார். "அந்தச் செடியில இருந்துதான் எடுக்கிறாங்க தம்பி. ஆனா மருந்த மட்டும் பிரிச்செடுத்து, ரத்தம் பாத்து, அளந்துதான் ஏத்துறம். அவிச்ச தண்ணியில எவ்வளவு நஞ்சு இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் பிளாஸ்கை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அக்கா சிரித்தார்.

"என்ர மெஷினுக்கு இப்பவே அவசரப்படுறான் மிஸ்ஸி."

மருந்து கட்டியைக் கரைத்தது. விரல்நுனிகளையும் மரக்கச் செய்தது. அதுவும் அந்த மருந்தின் குணம்தான் என்றார்கள். தைப்பவருக்கு விரல் மரத்துப்போனால் என்ன மிஞ்சும்? ஊசியில் நூல் கோக்க அவரால் முடியவில்லை.

"நஞ்சு அவிச்சவன்தானே, நீயே கோத்துத் தா," என்றார்.

நான் கோத்துக் கோத்துக் கொடுக்க, மகளின் கூறைச் சேலைக்கு உரிய சட்டையை அவரே தைத்து முடித்தார். பேரனையும் தூக்கிக் கொஞ்சினார். நோய் திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த ஆண்டுகளை எங்களுக்குத் தந்த வைத்தியர்களுக்கும், என் மடமையைத் தடுத்த தாதிக்கும், இரத்தம் கொடுத்த காத்தான்குடிச் சகோதரர்களுக்கும், ஒவ்வொரு முறையும் ஓட்டோவில் ஏற்றிச் சென்ற அயலவருக்கும், இறுதிவரை உடன்நின்ற உறவுகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். ஒரு வேலிச் செடிக்குள் மருந்தைத் தேடிக் கண்டெடுத்த, எங்களுக்குப் பெயர் தெரியாத மனிதர்களையும் கைகூப்பி நினைக்கிறோம்.

இந்த நினைவு மலரோடு ஆளுக்கொரு பட்டிப்பூக் கன்றும் தருகிறோம். வாசலில் நடுங்கள், யாரும் அவிக்கவேண்டாம்.

மெஷின் இப்போது என் வீட்டில் இருக்கிறது, அக்கா. எனக்கு ஒரு அவசரமும் இருந்ததில்லை.