என் இடது காதுக்கு ஒரு சப்ரஸர்

"அத்தான், பெட்டியில இன்னும் மூண்டு கிலோ இடம் இருக்கு. உங்களுக்கு ஒரு சாமான் வைச்சிருக்கிறன்."

மூன்று மாதத்துக்கு முந்திய ஒரு வியாழன் காலை. ஆக்லாந்திலிருந்து சுகன் பேசினான். என் மனைவி வதனியின் தம்பி. கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒரு கல்யாணம். அதற்காக மறுநாள் மெல்பனுக்கு வருகிறான்.

விமானத்தில் வரும் நம்மவர்கள் பெட்டியில் காலியிடம் விடமாட்டார்கள். அது ஏதோ பாவம் போல. கிலோ மிச்சமிருந்தால், போய் இறங்கும் வீட்டுக்கு எதையாவது வாங்கி அடைத்தே ஆகவேண்டும்.

போனைப் பெட்டிக்கு மேலே பிடித்தான். மடித்து வைத்த சேட்டுகளுக்கு நடுவே ஒரு காலுறை. அதற்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது... சாண் நீளத்தில், கறுப்பாக, ஓர் உலோகக் குழாய்.

சப்ரஸர். ரைஃபிளின் வாயில் திருகிப் பூட்டினால் வெடிச் சத்தத்தின் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும் குழாய். நியூசிலாந்தில் அதைக் கடையில் வாங்கலாம். இங்கே விக்டோரியாவில் என்னைப் போன்ற ஒருவன் கையில் வைத்திருந்தாலே குற்றம்.

இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஓர் அரை நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. ஏன்?

கவிதை எழுதுகிறவனுக்கு ரைஃபிள் எதற்கு என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் சுடுவது கடதாசிக் குறியை மட்டும்தான். ரோவில் புறநகரிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓடினால் ஒரு புல்வெளி. அதில் குப்புறப் படுத்தால் அறுநூறு மீட்டருக்கு அப்பால் மிளகு போல ஒரு கறுப்பு வட்டம். ஒரு மூச்சை விட்டு அடுத்த மூச்சு வருவதற்கு முன்னால் சின்னதாய் ஓர் இடைவெளி இருக்கிறதே — காற்று நின்று, புல் நின்று, பெயர்கூட உதிர்ந்துபோய் நாம் வெறுமனே இருக்கிற அந்த இடைவெளி — அதற்காகத்தான் ஞாயிறுதோறும் போகிறேன். நாற்பத்தேழு வயதுவரை ஓரிடத்தில் ஐந்து நிமிடம் இருக்கத் தெரியாதவன் நான். அங்கேதான் பழகினேன்.

ஆனால் காது? போன வருடம் இடது காதில் ஓயாமல் இரையும் ஒரு சில்வண்டு குடிவந்தது. வலது தோளில் ரைஃபிளை அணைப்பவனுக்கு இடது காதுதான் சத்தத்துக்கு முகம் கொடுக்கிறது. செவிப் பரிசோதனை செய்த பெண் கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டினார். பாதி தூரம் சமதரை. பிறகு ஒரு பள்ளம்.

"இறங்கியது திரும்ப ஏறாது. கொஞ்ச மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். பள்ளம் இன்னும் ஆழமாகியிருந்தால் சுடுவதை நிறுத்திவிடுங்கள்," என்றார்.

மிச்சமிருக்கும் காதா, என் ஞாயிற்றுக்கிழமைகளா? இரண்டில் ஒன்று. அந்த நேரத்தில்தான் காலுறைக்குள்ளிருந்து அந்தக் குழாய் தலையை நீட்டியது.

அந்தக் குழாய்க்கும் எனக்கும் பழைய சம்பந்தம் உண்டு. சுகனுக்கு அதைத் தெரிவு செய்து கொடுத்தவனே நான்தான். அவனும் என்னைப் போலக் குறிப்பலகைக்குச் சுடுகிறவன். முதல் சப்ரஸர் வாங்கும் ஆசை வந்தபோது இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் மாதக்கணக்காகப் பொருத்தம் பார்த்தோம். குண்டின் அளவுக்குப் பொருந்துமா, குழல் நுனியின் திருகு மரைக்குப் பொருந்துமா... அதுவரை சரி. நீளமும் எடையும் வந்தபோது, அந்தச் சாமானைக் கையால்கூடத் தொட்டறியாத நான் ஜாதகம் பார்க்கும் சாத்திரியாரைப் போலப் பலன் சொன்னேன். கட்டையாய் இருக்கட்டும். பாரமில்லாமல் இருக்கட்டும். ரைஃபிளின் மூக்கு கனத்தால் குறி தளம்பும்.

வாங்கினான். முதல் ஐந்து சூடும் அருமை. பத்தாவதில் குழாய் கொதித்தது. அதிலிருந்து எழுந்த கானல் தொலைநோக்கிக்கு முன்னால் நெளிய, கறுப்பு வட்டம் தண்ணீருக்குள் மீன் மாதிரி நீந்தியதாம்.

திரும்பக் கடைக்குப் போனான். இது மலை ஏறி மான் வேட்டையாடுகிறவர்கள் வாங்குவது. நீ படுத்துக் கிடந்து சுடுகிறவன், உனக்கு எடை குறைந்து என்ன ஆகப்போகிறது என்று கடைக்காரர் கேட்டாராம். யார் உனக்கு இதைச் சொன்னது?

"என்ர அத்தான்."

பிறகு நீளமும் கனமுமாக இன்னொன்று வாங்கினான். கானல் எழாமலிருக்க அதற்கு ஒரு துணி உறை. வட்டம் நீந்துவதை நிறுத்தியது. முதல் குழாய் சும்மா கிடந்தது. அத்தானுக்குக் காது சரியில்லை, பெட்டியிலும் இடமிருக்கிறது. வேறென்ன வேண்டும்?

இப்போது அரை நிமிடம் முடிந்தது.

"சுகன், அதை வெளியில எடு."

"ஒரு குழாய்தானே அத்தான். துவக்கு இல்லையே."

"இஞ்ச அதுக்கும் சட்டம் இருக்கு."

"காலுறைக்குள்ள இருந்தால் ஆருக்குத் தெரியும்?"

"எக்ஸ்ரேக்குத் தெரியும்."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த வதனி வந்து போனை என் கையிலிருந்து பறித்தாள்.

"டேய், உனக்கென்ன விசரே?"

"அக்கா, அத்தான்ர காதுக்காகத்தான்..."

"அவற்ற காதுக்காக நீ எயார்போர்ட்டில பிடிபட்டு நிண்டால் அங்க கலியாண வீட்டில நான் என்னெண்டு சொல்லுறது? எடு அதை. என்ர கண்ணுக்கு முன்னால எடு."

எடுத்தான். அலுமாரியில் வைத்துப் பூட்டுவதையும் காட்டினான். பிறகு பெட்டியைக் காட்டி, "அப்ப அந்த இடத்துக்கு என்னத்தை வைக்கிறது?" என்று கேட்டான்.

தேன் கொண்டுவந்தான்.

கல்யாணம் முடிந்து மறுநாள் ஞாயிறு. அவனையும் புல்வெளிக்குக் கூட்டிப்போனேன். இதுவும் கடைசித் தடவைகளில் ஒன்று என்று மனதுக்குள் ஒரு கனம். காதுக்கு இருந்த ஒரே வழியும் ஆக்லாந்து அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

அங்கே எங்கள் முறை இப்படி. வரிசையில் இரண்டிரண்டு பேராகப் பக்கத்தில் பக்கத்தில் படுப்போம். அவர் ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறிச் சுடுவோம். அவருடைய புள்ளியை நான் எழுதவேண்டும், என்னுடையதை அவர். என் சோடி பீட்டர் — ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், கிரேக்கர், தக்காளிப் பைத்தியம். சுகன் எங்களுக்குப் பின்னால் மடக்குக் கதிரையில் உட்கார்ந்து, எங்களைப் போலவே காதுகளுக்கு மூடி போட்டுக்கொண்டு, பார்வையாளனாக.

தேநீர் இடைவேளையில் மெல்ல ஆரம்பித்தான்.

"அத்தான், இருபது சூட்டுக்குள்ள எத்தினை தரம் காதைத் திறந்தனீங்கள் தெரியுமே?"

"நான் எங்க திறந்தனான்?"

"பதினேழு தரம். நான் எண்ணினனான். நீங்கள் சுடுறியள், உடன இடப்பக்கக் காது மூடியைத் தூக்குறியள். அந்த மனுசன் என்னவோ சொல்லுது. நீங்கள் சிரிச்சு என்னவோ சொல்லுறியள். அங்கால படுத்திருக்கிறவன் டமார் எண்டு சுடுறான்."

"அது... பீட்டரின்ர தக்காளிக்கு இந்த முறை புழு."

"உங்கட காதைக் கெடுக்கிறது ரைஃபிள் இல்லை அத்தான். உங்கட வாய்."

கோபம் வந்தது. உண்மைக்கு முன்னால் வருகிற வழக்கமான கோபம்தான். "உனக்கென்ன, உன்னட்டச் சப்ரஸர் இருக்கு," என்றேன்.

"அது இருந்தாலும் நான் காதை மூடித்தான் சுடுறனான். படத்தில வாற மாதிரி 'புஸ்' எண்டு கேக்கும் எண்டு நினைச்சனீங்களே? குண்டு காத்தைக் கிழிச்சுக்கொண்டு போற சத்தம் துவக்குக்கு வெளியிலதானே வருது. அதை எந்தக் குழாய் விழுங்கும்?"

மாதக்கணக்காக அவனுக்குப் பலன் சொன்னவன் நான். இது எனக்குத் தெரியாது. உங்களிடம் ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

அன்றே மாற்றினோம். பஞ்சு போன்ற காதடைப்பானை விரலால் மெலிதாக உருட்டி, காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரிந்து நிறையும்வரை காத்திருப்பது. அதற்கு மேலே மூடி. கடைசி ஆள் சுட்டு முடிக்கும்வரை மூடியைத் தொடுவதில்லை. பீட்டரும் நானும் புள்ளிகளை விரலால் காட்டிக்கொள்வது.

எளிது போலத் தெரிகிறதா? முதல் ஞாயிறு விரதம் போலக் கழிந்தது. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் வந்து வந்து திரும்பியது. பீட்டர் என்னைவிட மோசம். புள்ளி அட்டையின் ஓரத்தில் தக்காளிச் செய்திகளை எழுதி என் பக்கம் தள்ளுவார். நான் தலையை ஆட்டுவேன். பிறகு வாரங்கள் போகப் போக ஒன்று நடந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவில் மட்டும் இருந்த அந்த இடைவெளி அகலமானது. சூட்டுக்குச் சூடு, பீட்டரின் முறைக்கும் என் முறைக்கும் நடுவில், முழுக் காலையும் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. புல்லின் அசைவைக் கண்ணால் கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

போன செவ்வாய் மறுபடி பரிசோதனை. வதனியும் வந்தாள். பழைய கோடும் புதிய கோடும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று. பள்ளம் இருந்த இடத்தில் இருந்தது... ஒரு மயிரிழையும் ஆழமாகவில்லை.

"என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"பேசாமல் இருந்தேன்."

வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவரோ?" என்றாள்.

சில்வண்டு போகவில்லை. போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். இருக்கட்டும், அதுவும் ஒரு குடித்தனக்காரன். என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன.

காலை முழுக்க வாய்க்குள் அடக்கி வைத்த பேச்செல்லாம் எங்கே போகிறது என்று கேட்கிறீர்களா? இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தீர்களே... இங்கேதான்.