அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த சாச்சா

எனக்குப் பத்து வயதானபோது ஒரு மாணவர் கிடைத்தார். நாற்பதைத் தாண்டியவர், லேசாகத் தொந்தி போட்டவர், அவசரத்தில் வலது எது இடது எது என்று தடுமாறுகிறவர். நேற்றுச் சொல்லிக்கொடுத்ததை இன்றைக்கு மறந்துவிட்டு, மறந்ததற்கு என்னிடம் மன்னிப்பும் கேட்பார். அவர் என் அப்பா. நான் அவருக்குச் சாச்சா என்ற நடனத்தைக் கற்றுக்கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு நீண்ட லீவு. அப்படித்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். நான் எழுந்திருப்பதற்குள் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போயிருப்பார்; அவர் வீடு திரும்பும்போது பெரும்பாலும் நான் தூங்கியிருப்பேன். கிடங்கை மூடிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது பெரியவர்களுக்குள் இருந்த செய்தி. எனக்கோ, பள்ளிக்கூட லீவைவிடப் பெரிய லீவு அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது என்று ஒரே பெருமை. வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

லீவில் இருந்த அப்பா சமைத்தார். எனக்கு இரட்டைச் சடை பின்னினார். ஒன்று காதுக்கு மேலேயும் மற்றொன்று கழுத்துக்குக் கீழேயும் தொங்கும். அம்மாவின் சீருடைக்கு இஸ்திரி போட்டார். அம்மா செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருடைய சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் பெரியப்பாவும் வேலை பார்த்தார். அப்பாவின் அண்ணன். நல்ல மனிதர்தான், என்னைப் பார்க்க வரும்போது வெறுங்கையோடு வந்ததே இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா கலக்கிக் கொடுக்கும் தேநீரை வாங்கிக்கொண்டு, "என்னடா தம்பி, இப்ப உங்க வீட்ல யாரு ஆம்பள?" என்று கேட்டு வாய்விட்டுச் சிரிப்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் பெரியப்பா போனபிறகு அன்று முழுக்க அப்பா யாருடனும் பேசமாட்டார். அம்மா பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவுவார். சிரித்துக்கொண்டிருந்த வீடு ஏன் இப்படி ஆகிறது என்று எனக்கு விளங்காது.

அம்மாவுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு நடனம். தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்த பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தில், வேலை முடிந்த சாயங்காலங்களில், ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒருவர் நடனம் சொல்லிக்கொடுத்தார். தொழிற்சாலைத் தோழிகளோடு அம்மாவும் சேர்ந்தார். வந்தவர்கள் எல்லாம் பெண்கள். மனைவியோடு வரும் சீனப் பெரியவர் ஒருவர் மட்டுமே விதிவிலக்கு. சாச்சாவோ ஜோடியாக ஆடுவது. ஆண் கூட்டிப்போக வேண்டும், பெண் கூடப் போக வேண்டும். எந்தப் பக்கம் நகர்வது, எப்போது சுற்றுவது என்பதையெல்லாம் ஆண் தன் கையழுத்தத்தால் சொல்வான். பெண் அதன்படி நடப்பாள். ஆண்களுக்குப் பஞ்சம் என்பதால், உயரமான பெண்களை ஆணாக நிற்கவைத்தார் ஆசிரியை. என் அம்மா நல்ல உயரம், அப்பாவைவிட இரண்டு விரல் கூடுதல். மாதக்கணக்கில் ஆணாக ஆடி ஆடி அவருக்கு அதுவே பழகிப்போனது.

பழகிப்போனது மட்டுமில்லை, பிடித்தும்போனது. வீட்டுக்கு வந்ததும் மேசை நாற்காலிகளை நகர்த்திவிட்டு என்னைப் பிடித்து நிறுத்திப் பயிற்சி செய்வார். அவர் முன்னால் வருவார், நான் பின்னால் போவேன். அவர் கையைத் தூக்குவார், நான் சுற்றுவேன். அவர் ஏன் எனக்கு நேர் எதிராக ஆடுகிறார் என்ற கேள்விக்கு நானே ஒரு விடை கண்டுபிடித்து வைத்திருந்தேன். அம்மாக்கள் முன்னால் வருவார்கள், மற்றவர்கள் பின்னால் போவார்கள், அதுதான் சாச்சா. ஆக, எனக்குத் தெரிந்தது ஆட்டத்தில் பாதி. அதுவும் பெண்ணின் பாதி. ஆட்டத்துக்கு ஆண் பாதி, பெண் பாதி என்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்த வருடம் தொழிற்சாலையில் குடும்ப தினம் வந்தது. கணவன் மனைவி ஜோடியாக ஆடும் போட்டிக்கு ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு ஜோடி வரவேண்டுமாம். தோழிகள் அம்மாவைக் கேட்காமலேயே பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அம்மா இதைச் சாப்பாட்டு நேரத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பேர எடுத்துடச் சொல்லிடறேன். உங்கண்ணனும் இருப்பாரு. சும்மாவே பேசுவாரு."

அப்பா எனக்காக மீனிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "எடுக்க வேணாம். நான் வர்றேன்."

"உங்களுக்கு ஆடத் தெரியாதே."

"நீ பாரேன் லா."

மறுநாள் நான் பள்ளி விட்டு வந்ததும் அப்பா அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் நின்றார். "பாப்பா, அம்மாகூட ஆடுவியே, அத எனக்குச் சொல்லிக் குடு. அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது."

என்னைப் பிடிக்க முடியவில்லை. பெரியவர் ஒருவரை மிரட்டும் அதிகாரம் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு இலேசில் கிடைத்துவிடுமா? தொலைக்காட்சிக்கு எதிரில் அவரை நிறுத்தினேன். வலது காலைப் பின்னால் வையுங்கள் என்றேன். பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள், தரையைப் பார்க்காதீர்கள், என் கை என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள் என்றேன். அம்மா என்னிடம் சொல்லும் வார்த்தைகளை அம்மாவின் குரலிலேயே சொன்னேன். பிறகு நானே அம்மாவாக நின்று அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். அவருடைய தோள் எனக்கு எட்டாததால் இடுப்பு வாரைப் பிடித்துக்கொள்வேன். சுற்றச் சொன்னால், என் கைக்குக் கீழே குனிந்து, முட்டி மடக்கி, முனகிக்கொண்டே சுற்றுவார். தினமும் இதே கதை. ஒருநாள் சம்பல் தீய்ந்துபோனது. அது அடுப்பின் கோளாறு என்று அம்மாவிடம் இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவோடு எனக்கு அத்தனை நேரம் அதற்கு முன் கிடைத்ததே இல்லை. அந்த லீவு முடியவே கூடாது என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். சாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளாதது எவ்வளவு நல்லது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இதற்கிடையில் அம்மாவின் நடவடிக்கை எனக்குக் கவலை தந்தது. சமையலறையில் தனியாக நின்று பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். குளிர்ப்பெட்டியில் இடித்துக்கொண்டு, தலையில் தட்டிக்கொண்டு, மறுபடியும் பின்னாலேயே போனார். அம்மா ஆட்டத்தை மறந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் அவர் பெண்ணின் பாதியைப் படித்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் பார்க்க, அதுவும் பெரியப்பா பார்க்க, வேலை இல்லாத கணவனைத் தான் கூட்டிப்போவதுபோல் ஆகிவிடக் கூடாது என்று, தனக்குப் பிடித்த ஆட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தார்.

குடும்ப தினம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தொழிற்சாலைத் திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மீஹூன் சேவையும் சிராப் பானமும், இன்னொரு பக்கம் பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம். நடுவில் பலகை அடித்து ஆடுவதற்கு இடம். முதல் பரிசு ஒரு பெரிய ரைஸ் குக்கர். சிவப்பு ரிப்பன் கட்டி மேசைமேல் வைத்திருந்தார்கள். அம்மா நீலச் சேலை கட்டியிருந்தார். அப்பா கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொந்தியை உள்ளே இழுத்தபடி நின்றார். நான் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். என் மாணவருக்குப் பரீட்சை.

பாட்டு ஆரம்பித்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா, நான் சொல்லிக்கொடுத்தபடி, வலது காலைப் பின்னால் வைத்தார். அதே நொடியில் அம்மாவும் பின்னால் போனார்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் விலகிப்போக, நடுவில் நான்கு கைகளும் விறைப்பாக நீண்டு நின்றன. கூடாரமே சிரித்தது. மீண்டும் தொடங்கினார்கள், மீண்டும் அப்படியே ஆயிற்று. கூட்டத்தின் நடுவிலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "டேய் தம்பி, எங்கடா பின்னாலயே போற? ஆம்பள முன்னால போடா!"

எனக்கு வந்ததே கோபம். தப்பு செய்தது அப்பா இல்லை. நாற்காலிமேல் ஏறி நின்று, என் தொண்டைக்கு இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன். "அம்மா, நீதான் தப்பு! நீ முன்னால வரணும்!"

சிரிப்பு இன்னும் பெரிதானது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கையை விடுவித்துக்கொண்டு இறங்கிவிடப் பார்த்தார். அப்பா விடவில்லை. அவர் அம்மாவிடம் ஏதோ சொன்னார். முன்வரிசையில் இருந்ததால் எனக்கு அது கேட்டது. "பாப்பா சொல்றது சரிதான். நீ எப்பவும் போல வா."

அம்மா அவரையே பார்த்தார். அடுத்த தாளத்துக்கு இடது காலை முன்னால் வைத்து வந்தார். அப்பா பின்னால் போனார்.

அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! அம்மா கூட்டிப்போனார், அப்பா கூடப் போனார். அம்மா லேசாகத் தொட்டால் நகர்ந்தார், நிறுத்தினால் நின்றார். அம்மா கையைத் தூக்கியபோது தொந்தியும் கல்யாணச் சட்டையுமாக அதற்குக் கீழே குனிந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிரித்தவர்கள் சிரித்தார்கள்தான். ஆனால் பாட்டு பாதியைத் தாண்டியபோது அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகியிருந்தது. தோழிகள் தாளத்துக்குக் கை தட்டத் தொடங்கினார்கள். அம்மாவின் முகத்தை நான் அவ்வளவு பிரகாசமாகப் பார்த்ததே இல்லை. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பரிசு பேக்கிங் பகுதி ஜோடிக்குப் போய்விட்டது. எங்களுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை.

சாப்பிடும்போது பெரியப்பா தட்டோடு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். "ஏன்டா, அவ இழுத்த இழுப்புக்கெல்லாம் போறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

வழக்கமாகச் சிரிக்கும் அப்பா அன்று சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "பின்பக்கமா நடக்கிறவனுக்குப் போற வழி தெரியாதுண்ணே. அவ என்னைய எங்கயாச்சும் இடிக்க விட்டாளா, நீங்களே பாத்தீங்கல்ல."

பெரியப்பா அவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். சிராப்பைக் குடித்து முடித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா காரை ஓட்டினார். நான் பின்னால் ரைஸ் குக்கரை நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். ஸ்கூடாய் வந்ததும் அம்மா மெதுவாகக் கேட்டார். "நீங்க ஆடினது எதுன்னு உங்களுக்கு எப்பலருந்து தெரியும்?"

"மழைன்னு அன்னிக்கு மண்டபத்துக்கு உனக்குக் குடை கொண்டாந்தேனே, அப்பவே. ஜன்னலாண்ட நின்னு பாத்தேன். அந்தச் சீனப் பெரியவரு முன்னால போறாரு, அவரு சம்சாரம் பின்னால போறாங்க. அலமாக், பாப்பா எனக்குச் சொல்லிக்குடுத்தது அந்தம்மா ஆடறதாச்சேன்னு அங்கயே சிரிச்சிட்டேன்."

"நான் சரியாத்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன் நான் பின்னாலிருந்து.

"சரியாத்தான் சொல்லிக்குடுத்தம்மா" என்றார் அப்பா.

அம்மா விடவில்லை. "அப்ப தெரிஞ்சும் ஏன் மாத்திக்கல? உங்கண்ணன் இருந்தாரு, எல்லாரும் இருந்தாங்க. நான் உங்களுக்காகத்தானே பின்னால போகப் பழகுனேன்."

சாலையைப் பார்த்தபடியே அப்பா சொன்னார். "அன்னிக்கு ஜன்னல் வழியா உன் மூஞ்சியப் பாத்தேன். முன்னால வர்றப்ப அப்படி ஒரு சந்தோசம். எனக்கு வேலை போனதுலருந்து, நீ வீட்டுக்கு வந்தா அந்த மூஞ்சிய வாசல்லயே செருப்போட கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள வர்ற. நான் நொந்துடுவேன்னு. அதப் பாத்துட்டு நான் எப்படி மாத்திக்கிறது?"

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் எட்டி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். "அழாதம்மா. மொதல்ல நீ தப்பு பண்ணிட்ட, அதான். அடுத்த வருசம் ஒழுங்கா ஆடினா நமக்குத்தான் கிடைக்கும்."

அப்பா சிரித்த சிரிப்பில் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அம்மாவும் சிரித்தார், அழுகையும் நிற்கவில்லை. அப்பா ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து அம்மாவின் கைமேல் வைத்தார். ஒரு ரைஸ் குக்கருக்காகப் பெரியவர்கள் இந்த அளவுக்கா அழுவார்கள் என்று, வீடு போய்ச் சேரும்வரை நான் யோசித்துக்கொண்டே வந்தேன்.