பிரேக் லைட் எரியாமல் வெள்ளிமலை வரை

கார்த்திகை பிறந்த முதல் சனிக்கிழமை கல்வராயன் மலைக்குப் போய்வந்தேன். அருவி பார்க்க இல்லை, என் வீட்டுக்காரரைப் பார்க்க. வெள்ளிமலையைத் தாண்டி ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் விடுதிப் பள்ளி ஒன்றில் அவர் கணக்கு வாத்தியார். விடுதிப் பொறுப்பும் அவர் தலையில்தான். எனக்கு நைனார்பாளையத்தில் மருந்துக்கடை. கடையைத் தூக்கிக்கொண்டு நான் மலையேற முடியாது, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவர் இறங்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து அவர்தான் வருவார். இந்தமுறை மழை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல், தேர்வு என்று தள்ளித் தள்ளி ஐந்து வாரம் ஆகிவிட்டது. போனில் தினமும் பேசுகிறோம்தான். குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை போன் செய்தபோது இன்னொரு குண்டைப் போட்டார். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்கு வேனில் விழுப்புரம் கூட்டிப் போகிறாராம். திரும்பிவரச் செவ்வாய்க்கிழமை ஆகும். "பன்னெண்டுக்குள்ள நீ வந்துட்டா மூணு மணி நேரம் கெடைக்கும். உன்னால முடியுமா?" என்றார். முடியுமா என்று என்னிடம் கேட்கலாமா? வஞ்சிர மீன் குழம்பு வைக்கிற அளவுக்கு முடியும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

காலையில் குழம்பு வைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, கிளம்புமுன் வண்டியின் விளக்குகளை நானே பார்த்தேன். பதினோரு வயதுப் பழைய கார். ஹெட்லைட்டில் டிம், பிரைட் இரண்டும் எரிந்தன. இண்டிகேட்டர் நான்கும் மின்னின. விளக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சிவப்பாக எரிந்தது. மலைக்குப் போகிறவள் இவ்வளவு பொறுப்பாகப் பார்த்தேன் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் நான் வாங்கிய திட்டுக்கு இதுதான் என் தரப்பு நியாயம்.

ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டியவள். மருந்து மொத்த வியாபாரியின் வண்டி அன்றைக்கென்று தாமதமாக வந்து, சரக்கை இறக்கி முடித்து நான் கிளம்ப 10.15 ஆகிவிட்டது. சின்னசேலம் வழியாகக் கள்ளக்குறிச்சி என் வண்டி மீட்டரில் 27 கிலோமீட்டர், 11.05க்குச் சேர்ந்தேன். பெட்ரோல் 800 ரூபாய்க்கு. அங்கிருந்து கச்சிராயபாளையம் 16 கிலோமீட்டர், சாலை பரவாயில்லை, இரண்டு பக்கமும் கரும்பு. டீ பன்னிரண்டு ரூபாய், நின்றுகொண்டே குடித்தேன். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கும்போது மணி 12.05. மேலே போய்ச் சேர்வதற்குள் மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும்.

நான்காவது வளைவில் பின்னால் ஒரு ஜீப் ஒட்டிக்கொண்டது. உடனே ஹெட்லைட்டை அடித்து அடித்து அணைக்க ஆரம்பித்தான். பெண் ஓட்டுகிறாள் என்றால் சிலருக்குப் பின்னால் வரவே பிடிக்காது, இருபது வருடமாகப் பார்க்கிறேன். சரி, தொலையட்டும் என்று இடதுபக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைத்தேன். போகவில்லை. மறுபடியும் அடித்தான். கையை நீட்டி "போய்யா" என்று சைகை காட்டினேன். அதற்கும் லைட்டுதான் பதில். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அகலமான ஒரு வளைவில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று இறங்கினேன்.

ஜீப்பிலிருந்து இறங்கியவருக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் ஏழுமலை என்று பிறகு தெரிந்தது. மலை ஊர்களுக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிப் போகிற வண்டி. பின்னால் எட்டுப் பேர், அரிசி மூட்டைகள், பெரிய பெரிய அண்டாக்கள்.

நான் வாயைத் திறக்குமுன் அவர், "அக்கா, நீங்க பிரேக் புடிச்சா பின்னாடி ஒண்ணுமே எரியலக்கா. ரெண்டு வாட்டி உங்க மேலயே வுட்டுட இருந்தேன்" என்றார்.

"காலையில பாத்தேனே, ரெண்டும் எரிஞ்சுதே" என்றேன்.

"அது சும்மா எரியற லைட்டுக்கா. பிரேக் புடிச்சா இன்னும் ஜாஸ்தியா எரியணும். ஒரே பல்புக்குள்ள ரெண்டு கம்பி இருக்கும். ஒண்ணு போயிட்டா இன்னொண்ணு எரிஞ்சிக்கினுதான் இருக்கும். ஏறி மிதிங்க, பாக்கறேன்."

மிதித்தேன். பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் அவுட்டு. ரொம்ப நாளா இப்பிடித்தான் ஓடிக்கினு இருந்திருக்கும் போல" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "மிதிச்சிக் காட்டினா பின்னாடி நின்னு பாக்க வூட்ல ஆள் இல்லீங்களா?"

பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க முடியாது. மிதிக்க ஒருவர், பார்க்க ஒருவர் வேண்டும். என் வீட்டுக்காரர் மலைக்கு மாற்றலாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் மிதிப்பேன், இவர் பின்னால் நின்று பார்ப்பார். அப்போது அது ஒரு வேலையாகவே எனக்குத் தோன்றியதில்லை.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. பின்விளக்கு போன வண்டியைத் தனியாக விடமாட்டார்கள். அதை முன்னால் விட்டு, விளக்கு எரிகிற வண்டி பின்னாலேயே வரும். பின்னாலிருந்து வருகிறவனுக்கு அந்த விளக்கு தெரிந்தால் போதும். ஏழுமலையும் அதைத்தான் சொன்னார். "மேல பனி இறங்கியிருக்கு. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வரேன். நான் நின்னா நீங்களும் நின்னுடணும். அவ்ளோதான்." வெள்ளிமலையில் பல்பு கிடைக்குமாம். நானும் பெரிய மனதோடு சரி என்றேன்.

அவர் நின்றால் நானும் நிற்க வேண்டும் என்பதன் விலை பிறகுதான் தெரிந்தது. முதல் ஊரில் இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு மூட்டை இறங்கியது, எட்டு நிமிடம். அடுத்த ஊரில் காதுகுத்து. அண்டாக்கள் எல்லாம் அந்த வீட்டுக்குத்தான். இறக்கி, எண்ணி, ஒரு அண்டாவுக்கு மூடி காணோம் என்று தேடி, அது அண்டாவுக்குள்ளேயே கிடக்க, இருபத்தைந்து நிமிடம். எனக்கு டீ கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சிக்னலும் இல்லை. வீட்டுக்காரர் பள்ளி வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து நினைத்து எனக்கு அழுகையாக வந்தது.

மூன்றாவது ஊரில் ஜீப் நின்றபோது மணி 1.30. மரவள்ளி மூட்டை ஏற்ற வேண்டும், கால் மணி ஆகும் என்றார் ஏழுமலை. நான் கணக்குப் போட்டேன். இப்போதே போனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம், காத்திருந்தால் அதுவும் இல்லை. பிரேக் லைட்தானே இல்லை, இண்டிகேட்டர் இருக்கிறதே. நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்னவிட்டால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாதா? பொத்தானை அமுக்கினேன், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

அரை கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். பனி வெள்ளையாக இறங்கி முன்னால் பத்தடிதான் தெரிந்தது. ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்து நின்றேன். பின்னால் கிறீச்சென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு பைக், கணவன், மனைவி, நடுவில் சால்வை சுற்றிய குழந்தை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, என் வண்டிக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறார்கள்.

அந்த ஆள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். "இன்னாம்மா இது? நாலும் மின்னிக்கினே போவுது. போறீங்களா, நிக்கறீங்களா, எந்தப் பக்கம் திரும்பறீங்க, பின்னாடி வரவன் இன்னான்னு பாப்பான்?" என்றார். அந்தப் பெண் குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மன்னிச்சுக்கங்க என்று சொன்னது அவர்கள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது.

ஓரமாக மண்ணில் இறக்கி நிறுத்தினேன். ஐந்து வாரமாகப் பார்க்காத ஆளைப் பார்க்க ஒரு பச்சைக்குழந்தை மேல் ஆபத்தை ஏற்றப் பார்த்தேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். இனி மூன்று மணி ஆனாலும் ஆகட்டும், பார்க்காமலே திரும்பினாலும் சரி, ஜீப் வராமல் நகரக்கூடாது என்று முடிவு செய்து உட்கார்ந்தேன். அந்த முடிவு எடுத்ததும் அழுதுவிட்டேன். நேரமும் இருந்தது, அழ.

1.55க்கு ஜீப் வந்தது. ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார். "நின்னுக்கினு இருக்கும்போது நாலும் போட்டீங்க பாருங்க, அதான் கரெக்ட்டு. இப்ப ஆஃப் பண்ணிட்டு முன்னாடி போங்க" என்றார்.

வெள்ளிமலை 2.15. பல்பு ஒன்று நாற்பது ரூபாய், இரண்டு வாங்கினேன். மாட்டுகிற மெக்கானிக் அதே காதுகுத்துக்குப் போயிருந்தார். ஏழுமலை தன் சவாரிகளை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம் வரை பின்னாலேயே வந்தார். அவர் வழியே இல்லை அது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மீன் குழம்பு வாசனையைச் சொன்னார், ஒரு துண்டு மீன் எடுத்து இலையில் வைத்துக் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார்.

மணி 2.33. வாசலில் வேன் தயாராக நின்றது. இவர் தோளில் பையோடு நின்றார். இளைத்திருந்தார். தாடியை எடுக்கவில்லை. "இவ்ளோ நேரமா என்ன பண்ணே?" என்றார். சொன்னேன். பைக் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். முகம் மாறியது. பையை இறக்கி வைத்துவிட்டு வேன் டிரைவரிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கப் போனார்.

"அத விடுங்க, யார்கிட்டயாவது மாட்டிக்கறேன். செத்த இப்படி உக்காருங்க" என்றேன்.

"திரும்பிப் போறப்போ உன் பின்னாடி யார் வருவா?" என்று குனிந்துவிட்டார்.

திருகாணி துருப்பிடித்திருந்தது. இருபது நிமிடம் அவருடைய முதுகைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்க நாற்பது வளைவு ஏறி வந்தவளுக்கு முதுகு. கோபம் வந்தது, அந்த முதுகில் சாய்ந்துகொள்ளவும் தோன்றியது. வேன் நிறையப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையுமே செய்யவில்லை.

"ஏறி மிதி" என்றார். உட்கார்ந்து மிதித்தேன். உள்ளே இருக்கும் கண்ணாடியில் பார்த்தால், பனிக்குள் அவர் முகம் முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது. காலை எடுத்தால் மங்கிப்போகிறது. மறுபடி மிதித்தேன். "எரியுது" என்றார். மறுபடி. "ரெண்டும் எரியுது, போதும்." சரியாகத் தெரியவில்லையே என்று சொல்லி இன்னும் மூன்றுமுறை மிதித்தேன். வேன் ஹார்ன் அடித்தது. குழம்புத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் 3.10க்கு இறங்கத் தொடங்கி, இருட்டுமுன் கள்ளக்குறிச்சி வந்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு. பனியில் பிரைட் போடாதீர்கள், வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், டிம் போதும். நான்கு இண்டிகேட்டரும் நின்றுபோன வண்டிக்குத்தான். ஓடுகிற வண்டிக்கு இல்லவே இல்லை, இதை நான் யாருக்கும் எந்தக் காலத்திலும் சொல்லுவேன். பின்விளக்கில் சேறு படிந்தால் இறங்கித் துடையுங்கள். உங்கள் வண்டிக்குச் சேரும் பல்பு இரண்டு, துருப்பிடிக்காத திருகாணி, நல்ல ஸ்க்ரூ டிரைவர் கையில் இருக்கட்டும். பின்னால் ஒருவன் லைட் அடித்தால் திட்டுவதற்கு முன் நிறுத்திக் கேளுங்கள்.

தனியாக ஓட்டுகிறவர்கள் பிரேக் லைட்டைப் பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை. விடிகாலையிலோ மாலையிலோ ஒரு சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி மிதியுங்கள். சுவரில் இரண்டு சிவப்பு விழுவது கண்ணாடியில் தெரியும். வாரம் ஒருமுறை என் கடைச் சுவரில் பார்க்கிறேன், துல்லியமாகத் தெரிகிறது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் இதை நான் சொல்லவில்லை. பிரேக் லைட் சரியாக எரியவில்லை போலிருக்கிறது, அடுத்த சனிக்கிழமை வந்து பின்னால் நின்று பாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர் என் வலைப்பதிவைப் படிக்கிறவர் இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.