நடுக்கத்தைவிட வலி

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். அஞ்சாவதோடு நின்றவன், பிழையும் இருக்கும். வரி தொடங்கும்போது பெரிதாக இருக்கிற எழுத்து, முடியும்போது எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது. அது என் வியாதி.

பார்க்கின்சன் என்றால் எல்லோரும் கையைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு நடுக்கம் பெரிய தொந்தரவில்லை. வலது தோளைத் துணி பிழிவதுபோல யாரோ பிழிவார்கள். வலது பாதம் வெயிலில் காய்ந்த தகரத்தை மிதித்ததுபோல எரியும். தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். நடுங்கினால் பாவம் என்பார்கள். வலிக்கிறது என்றால் நம்ப மாட்டார்கள். வியாதி இன்னதென்று தெரிவதற்கு முன்னால் குந்தாரப்பள்ளியில் ஒருவர் தோளுக்குக் கட்டுப் போட்டார், ஓசூரில் ஒருவர் ஊசி போட்டார்.

பிறகு கொடுத்த மாத்திரைச் சீட்டில் காலை, மதியம், இரவு என்று இருந்தது. எங்கள் கம்பெனியில் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி, மதியம் எழுந்து பல் விளக்கினால் எனக்கு அதுதான் காலை. களியும் பருப்பும் வயிறு நிறையத் தின்றுவிட்டுக் காலை மாத்திரையைப் போடுவேன். அந்த வாரங்களில் வலி உயிரை வாங்கும். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று ஒரு டாக்டரும் கேட்கவில்லை. வலி மாத்திரையை மட்டும் கூட்டிக் கூட்டி எழுதினார்கள்.

கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரம்மாதான் என் மனைவியிடம் கேட்டார், "வலி எப்பம்மா வருது?"

"மாத்திரை போடற நேரம் நெருங்கறப்பதாங்க. போட்டுக் கொஞ்ச நேரம் ஆனா தெம்பாகி எங்கிட்ட சண்டைக்கே வந்துருவாரு."

மருந்தின் வேகம் தீர்ந்ததும் வருகிற வலி என்றார் அவர். வயிறு நிறைந்திருந்தால் மருந்து ஏறாது, எந்த ஷிஃப்ட்டானாலும் கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள் என்று சொல்லி, நேரத்தையும் பிரித்துக் கொடுத்தார். தோள் இளகியது. பாத எரிச்சல் பாதி குறைந்தது.

கம்பெனியில் நான் வேலை செய்யும் அசெம்பிளி லைனில்தான் வந்தது வினை. பத்து மணி மாத்திரைக்கு சூப்பர்வைசர் விடவில்லை.

"டீ டைம்ல போடுண்ணே. மாத்திரைக்கு ஒருத்தர விட்டா, நாளைக்கு இன்னொருத்தன் குளிச்சிட்டு வரேம்பான்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீ வருவதற்குள் தோள் பூட்டிக்கொள்ளும், ஸ்பேனர் நழுவும். உடனே அதே வாய், "கை வேலைக்காகலண்ணே, வீட்ல ரெஸ்ட் எடுக்கலாமில்ல?" என்று கேட்கும்.

போன வாரம் அப்படிக் கேட்டபோது சிவப்புப் பொத்தானை அடித்து லைனை நிறுத்தினேன். அங்கே நான் சத்தமாகப் பேசியதே கிடையாது.

"இந்தக் கை வேலை செய்யும் சார். மாத்திரை நேரத்துக்கு உள்ள போனா செய்யும். அதுக்கு விடாம, கையக் குத்தம் சொல்லாதீங்க."

எல்லோர் முன்னாலும் மாத்திரையை விழுங்கினேன். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. யாரும் சிரிக்கவில்லை.

வேலைக்கு வரவேண்டாம், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நேற்று போன் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங், பகல் ஷிஃப்ட் மட்டும், மாத்திரை போட்டுக்கொள்ள அனுமதி உண்டாம். அனுமதியாம்! என் தோள் வலி தீர இவர்கள் அனுமதி. போவேன், வேலை வேண்டும். நன்றி மட்டும் சொல்ல மாட்டேன்.

ஆடி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை.