எலும்பை எடுத்துவிட்டுத் தந்த சைவம்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஓர்லிகோனில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கையைக் கடிக்காத விலையில் ஒரு ஸ்பானிய உணவகம் இருக்கிறது. கோயிலில் பழக்கமான ரவிதான் அங்கே சமையல்காரர். அந்தத் துணிவில், விரத வெள்ளியன்று மதியம் அங்கே போனேன்.

அவர் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நின்று, "ரவி, இண்டைக்கு எனக்கு விரதம். மச்சம் மாமிசம் இல்லாமல் ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, கடலையும் கீரையும் இருக்கு. நம்பிச் சாப்பிடுங்கோ" என்றார்.

அப்படியொரு ருசி. கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன். பரிமாறிய ஸ்பானியப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பாராட்டினேன். அவள் பூரித்துப்போய், "காலையிலிருந்து பன்றி எலும்பு போட்டு அவிக்கிறோம்" என்றாள்.

ரவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கூசவேயில்லை.

"அக்கா, எலும்பை எடுத்துப்போட்டுத்தானே தந்தனான்! ஒரு துண்டு இறைச்சி கிடந்ததோ?"

முன்பின் தெரியாதவர் ஏமாற்றியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. தமிழ் முகத்தைக் கண்டதும் மேலே கேட்காமல் விட்டது என் பிழை. இப்போதெல்லாம் எதில் அவித்தது என்பது வரை கேட்காமல் வாயில் வைப்பதில்லை.

போன வெள்ளி கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு ரவி வந்தார். "இதுக்குள்ள என்ன போட்டு அவிச்சனீர்?" என்று, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டேன்.